விடுப்பு கேட்க முதலாளி இல்லாத தாய்மார்கள்

கீரமங்கலம் வட்டாரத்துப் பூந்தோட்டங்களில் விடிவதற்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. மல்லிகையும் முல்லையும் அரும்பாக இருக்கும்போதே பறிக்கப்பட வேண்டும். மலர்ந்துவிட்டால் விலை போகாது. பறித்த பூ காலையிலேயே கமிஷன் கடைக்கு வந்து எடை போடப்பட்டாக வேண்டும். கொத்தமங்கலம், சேந்தன்குடி, குளமங்கலம், பனங்குளம், செரியலூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களின் பூ கீரமங்கலத்தில்தான் கைமாறுகிறது. பறிப்பவர்களும் தொடுப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். கூலி எடைக் கணக்கில். பறித்த அளவுக்குப் பணம். வராத நாளுக்கு ஒன்றும் இல்லை.

இந்த வேலையில் இருக்கும் ஒரு பெண் கருவுற்றால், அவருக்கு எத்தனை நாள் மகப்பேறு விடுப்பு உண்டு? இந்தக் கேள்வி விசித்திரமாகத் தோன்றக்கூடும். விடுப்பு என்றால் அதைக் கொடுக்க ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? இன்று ஒரு தோட்டம், நாளை இன்னொரு தோட்டம் என்று போகிறவர் யாரிடம் போய் விடுப்பு கேட்பார்? நம்முடைய மகப்பேறு உரிமைச் சட்டங்களின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கின்றன.

2025ஆம் ஆண்டில் மகப்பேறு விடுப்பு இரண்டு முறை பெரிய செய்தியானது. மே 23 அன்று, தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நவம்பர் 21 அன்று, சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் உள்ளிட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாம் அறிந்திருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் அந்தத் தொகுப்புக்குள் ஓர் அத்தியாயமாக அடங்கிவிட்டது. பெயரும் பிரிவு எண்களும் மாறியிருக்கின்றன. ஏற்கெனவே உரிமை பெற்றிருந்தவர்களுக்குச் சாரம் மாறவில்லை. உரிமைக்கு வெளியே நின்றவர்களின் நிலையும் மாறவில்லை என்பதே இக்கட்டுரையின் கவலை.

முதலில், உரிமை உள்ளவர்களுக்கு என்ன உரிமை என்பதைப் பார்த்துவிடலாம். வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கே இது முழுமையாகத் தெரிவதில்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் கடை, நிறுவனம், தொழிற்சாலை, சுரங்கம், தேயிலை போன்ற பெருந்தோட்டம் ஆகியவற்றில் வேலை செய்யும் பெண், பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 26 வாரங்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு அவருக்கு உண்டு. அதில் 8 வாரங்கள் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். 2017 வரை எல்லாருக்குமே 12 வாரம்தான் இருந்தது. அந்த ஆண்டின் திருத்தம்தான் அதை 26 ஆக்கியது. அந்த 80 நாள் நிபந்தனைகூடத் தொடக்கத்தில் 160 நாளாக இருந்து 1988இல் பாதியாகக் குறைக்கப்பட்டது.

ஊதியம் எப்படிக் கணக்கிடப்படும்? விடுப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்த நாட்களின் சராசரி நாள் ஊதியம் அடிப்படை. பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை, கர்ப்பச் சான்று கொடுத்தவுடன் முன்கூட்டியே தர வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வேலைக்குத் திரும்பிய பிறகு பார்க்கலாம் என்று நிறுவனம் சொன்னால் அது சட்டமீறல். கருச்சிதைவு ஏற்பட்டால் 6 வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. இந்த உரிமையைக் கேட்டுப் பெறுகிறவர்கள் மிகக் குறைவு. துக்கத்தோடும் கூச்சத்தோடும் மருத்துவ விடுப்பாகவோ ஊதியமில்லா விடுப்பாகவோ எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாள்தோறும் இரண்டு இடைவேளை, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடத்தில் குழந்தைக் காப்பகம், நிறுவனம் இலவச மருத்துவ வசதி தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவத் தொகை ஆகியவையும் உண்டு. விடுப்பில் இருக்கும் பெண்ணைப் பணிநீக்கம் செய்யவோ, அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றவோ முடியாது. இந்த விதிகளின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் எழுதி, பெண்கள் பணியாற்றும் இடத்தில் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பதும் சட்டமே. அப்படி மாட்டிய ஒரு கடையை வாசகர்கள் பார்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை, நான் பார்த்ததில்லை.

மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெற்று, ஈஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் கீழ் இருப்பவர்களுக்கு வழி வேறு. அவர்களுக்கும் 26 வாரம், முழு ஊதியம். ஆனால் அதை முதலாளி தருவதில்லை. காப்பீட்டுக் கழகம் தருகிறது. தொழிலாளியின் ஊதியத்தில் 0.75 விழுக்காடும், முதலாளி செலுத்தும் 3.25 விழுக்காடும் சேர்ந்த பொது நிதியிலிருந்து அது வருகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

தமிழக அரசு ஊழியர்களின் நிலை எல்லாரையும்விட மேலானது. 2011இல் 90 நாளிலிருந்து ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் பன்னிரண்டு மாதமாகவும் அவர்களின் மகப்பேறு விடுப்பு உயர்ந்தது. தகுதிகாண் பருவத்தில் எடுக்கும் மகப்பேறு விடுப்பும் அந்தப் பருவத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அரசு ஊழியர்களுக்கு இது மிகை என்று சொல்வோர் உண்டு. ஒரு குழந்தையின் முதல் ஆண்டில் தாய் உடனிருப்பதை மிகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி வேறு: அது ஏன் அந்த ஒரு வாசலோடு நின்றுவிடுகிறது?

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட உரிமையும் எளிதில் கைக்கு வருவதில்லை என்பதற்குத் தருமபுரி வழக்கே சாட்சி. அந்த ஆசிரியைக்கு முதல் திருமணத்தில், பணியில் சேர்வதற்கு முன்பே, இரண்டு குழந்தைகள் இருந்தனர். மணமுறிவுக்குப் பிறகு அவர்கள் தந்தையோடு இருந்தனர். மறுமணத்துக்குப் பின் கருவுற்று விடுப்புக் கேட்டபோது, இரண்டு குழந்தைகளுக்கு மேல் விடுப்பு இல்லை என்ற விதியைக் காட்டி 2021இல் கல்வித் துறை மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்கு ஆதரவாகவும், இரு நீதிபதிகள் அமர்வு எதிராகவும் தீர்ப்பளித்தனர். இறுதியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, மகப்பேறு விடுப்பு என்பது மகப்பேறு பயன்களின் பிரிக்க முடியாத பகுதி என்றும், இனப்பெருக்க உரிமை என்பது உடல்நலம், தனியுரிமை, சமத்துவம், கண்ணியம் ஆகியவற்றோடு பிணைந்தது என்றும் கூறி விடுப்பை வழங்கச் செய்தது. தீர்ப்பு வந்தபோது அந்த விடுப்புக் காலம் முடிந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

இன்னொன்று திருவாரூர் மாவட்டம் குடவாசலில் நடந்தது. நீதிமன்ற அலுவலக உதவியாளரான ஒரு பெண்ணுக்கு, திருமணம் முறையாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி விடுப்பு மறுக்கப்பட்டது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்து, ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சட்டம் கையில் உள்ள இடத்திலேயே இந்த நிலை.

இந்த உரிமை நாள் கணக்கில் வாதாடிப் பெறப்பட்டது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு பழைய வழக்கைச் சொல்லலாம். 1967இல் வால்பாறை அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த பெண் மகப்பேறு விடுப்பில் சென்றார். அப்போது 12 வாரம். வாரம் ஆறு நாள் வேலை. எனவே 72 நாளுக்குத்தான் ஊதியம் என்றது தோட்ட நிர்வாகம். ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து 84 நாளுக்கு வேண்டும் என்றார் அந்தத் தொழிலாளி. பன்னிரண்டு நாள் கூலிக்கான அந்த வழக்கு கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாரம் என்றால் ஏழு நாள். பிள்ளை பெற்ற உடலுக்கு ஞாயிற்றுக்கிழமை தனியாக வருவதில்லை என்ற பொருள்பட, 1977இல் தொழிலாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இன்று இந்தியாவில் மகப்பேறு ஊதியம் வாங்கும் ஒவ்வொரு பெண்ணும், பெயர் அறியாமலே, அந்தக் கொழுந்து பறித்த பெண்ணுக்குக் கடன்பட்டிருக்கிறார்.

வால்பாறையில் கொழுந்து பறிப்பவருக்கு அன்றே உரிமை இருந்தது. கீரமங்கலத்தில் அரும்பு பறிப்பவருக்கு இன்றும் இல்லை. இரண்டும் விரல் நுனியால் செய்யும் வேலை. இரண்டிலும் எடைக்குத்தான் மதிப்பு. இரண்டிலும் நிறைமாத வயிற்றோடு நிற்பது ஒரே துன்பம். தேயிலைக்குப் பெருந்தோட்டம் என்ற சட்டப் பெயர் உண்டு. அரை ஏக்கர் மல்லிகைக்கு அது இல்லை. அங்கே ஒரே முதலாளி, ஒரே வருகைப் பதிவேடு. இங்கே பல சிறு விவசாயிகள்; அவர்களில் பலர் தாமே, தம் வீட்டுப் பெண்களோடு சேர்ந்து பறிப்பவர்கள். விலை ஏறிய நாளில் கையில் காசு. சரிந்த நாளில் பறித்த பூவைக் குப்பையில் கொட்டிவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட விவசாயியிடம் போய், உன் தோட்டத்தில் பூப்பறித்த பெண்ணுக்கு 26 வாரச் சம்பளம் கொடு என்று சட்டம் சொல்ல முடியாது. சொன்னாலும் அது நடவாது. கருவுற்ற பெண்ணை வேலைக்குக் கூப்பிடாமல் விடுவதில்தான் முடியும்.

தினக்கூலி என்பதால் மட்டும் இந்த உரிமை மறுக்கப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். டெல்லி மாநகராட்சியில் சாலைப் பணியிலும் பள்ளம் தோண்டும் பணியிலும் இருந்த தினக்கூலிப் பெண்கள் தொடுத்த வழக்கில், நிரந்தரப் பணியாளர்களுக்கு உள்ள மகப்பேறு உரிமை தினக்கூலிகளுக்கும் உண்டு என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டாலும் மகப்பேறு பயன் தொடர வேண்டும் என்று 2023இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. எனவே தடையாக இருப்பது கூலியின் வகை அன்று. அடையாளம் காட்டக்கூடிய ஒரு முதலாளி இல்லாததே தடை. கடைத்தெருவில் எட்டுப் பேரை வைத்து நடத்தும் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணும் இதே காரணத்தால்தான் வெளியே நிற்கிறார். பத்துப் பேர் என்ற கோட்டுக்கு இரண்டு பேர் குறைவு.

இவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவ்வூர் மன்னர் கல்லூரியில் படிக்க ஒரு பெண்ணுக்கு இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்த காலத்தில் படித்து மருத்துவரானவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவர். அவர் பெயரிலான திட்டம் அவர் பிறந்த மாவட்டத்தின் பூப்பறிக்கும் பெண்களுக்கு உள்ள ஏறத்தாழ ஒரே பிடிமானமாக இருப்பது பொருத்தமே. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிறைந்த பெண்களுக்கு முதல் இரண்டு பேறுகாலங்களில் உதவி கிடைக்கிறது. 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000. இந்தப் பதினெட்டாயிரத்தில் 14,000 ரொக்கமாகத் தவணைகளில் வருகிறது. 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஒன்றிய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தின் பணமும் இதற்குள் சேர்ந்ததுதான். கருவுற்ற 12 வாரங்களுக்குள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். அதில் தாமதித்தால் முதல் தவணையிலேயே சிக்கல் தொடங்கும்.

நாட்டின் பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. அதை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் இது விடுப்புக் கால ஊதியமா, அன்பளிப்பா என்று பார்க்க ஓர் அளவுகோல் தேவை. அரசே நிர்ணயித்த அளவுகோல் ஒன்று கையில் இருக்கிறது: நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள் கூலி. 2018-19இல் தமிழ்நாட்டுக்கு அது 224 ரூபாய். ரொக்கமான 14,000 ரூபாய் அன்று 62 நாள் கூலிக்குச் சமம். 2025-26இல் அந்தக் கூலி 336 ரூபாய். இன்று அதே 14,000 ரூபாய் 41 நாள் கூலி. தொகை மாறவில்லை, அதற்குள் இருந்த நாட்கள் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டன. வால்பாறைத் தீர்ப்பின் கணக்குப்படி 12 வாரத்துக்கு, அதாவது 84 நாளுக்கு, 336 ரூபாய் வீதம் பார்த்தால் 28,224 ரூபாய் வர வேண்டும். 26 வாரம் என்றால் 61,152.

அகில இந்திய அளவில் நிலைமை இன்னும் மோசம். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பணியில் இருப்போர் போன்ற சிலரைத் தவிர்த்து, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் தர வேண்டும் என்றது. அது சலுகை அன்று, சட்ட உரிமை. ஆனால் 2017இல் வந்த திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய்தான் தந்தது. பின்னர் இரண்டாவது குழந்தை பெண்ணாகப் பிறந்தால் 6,000 என்று சேர்த்தார்கள். இரண்டாவது ஆணாகப் பிறந்தால் தாயின் உடல் ஓய்வு கேட்காதா என்ன? பெண் குழந்தையை வரவேற்க ஊக்கம் தருவது நல்ல நோக்கம்தான். அதைத் தாயின் ஓய்வுக்கான பணத்தில் கலந்திருக்க வேண்டாம்.

பணம் எப்போது வருகிறது என்பது தொகையைவிட முக்கியம். பூப்பறிக்கும் பெண் வேலையை எந்த வாரத்தில் நிறுத்துவது என்று முடிவெடுப்பது ஏழாம், எட்டாம் மாதத்தில். பிரசவத்துக்குப் பின் எந்த வாரத்தில் திரும்பப் போவது என்பது இரண்டாம், மூன்றாம் மாதத்தில். அந்த வாரங்களில் கையில் காசு இருந்தால்தான் அவர் வீட்டில் இருப்பார். பதிவு, தடுப்பூசி, அரசு மருத்துவமனைப் பிரசவம் ஆகிய நிபந்தனைகளை மையமாக வைத்துத் தவணைகள் பிரிக்கப்பட்டிருப்பதால், அவை மருத்துவப் பதிவேட்டின் நாட்காட்டியைப் பின்பற்றுகின்றன. இழந்த கூலியின் நாட்காட்டியை அல்ல. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) தரும் விவரப்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடக்கின்றன. பெருமைக்குரிய எண். அதே கணக்கெடுப்பில் 44.9 விழுக்காடு அறுவைப் பிரசவம். வயிற்றில் தையலோடு வீடு திரும்பியவர் குனிந்து நிமிர்ந்து செடி செடியாகப் பறிப்பதற்கு எத்தனை வாரம் கழிய வேண்டும் என்பதை மருத்துவர்கள் சொல்வார்கள். அத்தனை வாரம் காத்திருக்க முடியுமா என்பதை அடுப்படிதான் முடிவு செய்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று என்று பின்னோக்கிப் பார்த்தால், தொடக்கத்திலேயே வேறு ஒரு பாதையும் சொல்லப்பட்டிருந்தது தெரிகிறது. ஆலைத் தொழிலாளிகளுக்கான பம்பாய் மகப்பேறு மசோதா 1928இல் விவாதத்துக்கு வந்தபோது, அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்குப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு தருவது நாட்டின் நலனுக்கானது என்பதால் அதன் சுமையைப் பெருமளவு அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயினும் உழைப்பால் பயனடைகிற முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்றார். 1929இல் பம்பாயிலும், 1934இல் சென்னை மாகாணத்திலும் சட்டங்கள் வந்தன. இரண்டும் சுமையை முதலாளியின் தோளில் வைத்தன. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதையே பின்பற்றியது. 2020ஆம் ஆண்டின் தொகுப்பும் அதையே தொடர்கிறது. அரசமைப்பின் 42ஆவது கூறு மகப்பேற்று உதவிக்கு அரசு வகை செய்ய வேண்டும் என்கிறது. அதில் முதலாளி என்ற சொல்லே இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வாரம் விடுப்பு என்கிறது. நம்முடைய 26 வாரம் அதைவிட அதிகம். இதைச் சொல்லி நாம் பெருமைப்படுவதுண்டு. ஆனால் அதே உடன்படிக்கை, இந்தச் செலவைத் தனிப்பட்ட முதலாளி தலையில் நேரடியாகச் சுமத்தாமல் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ தர வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தியா அதை ஏற்று ஒப்பமிடவில்லை. சுமை முழுவதும் முதலாளியிடம் என்பதால், ஈஎஸ்ஐக்கு வெளியே இருக்கும் சிறு நிறுவனங்கள் திருமணமான இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்குகின்றன. நேர்காணலில் கல்யாணம் எப்போது என்று கேட்கப்படுவதன் பின்னணி இதுதான். வாரங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது, உள்ளே இருப்பவருக்கு நன்மை. வாசலில் நிற்பவருக்குக் கதவு இன்னும் கனமாகிறது.

புதிய தொகுப்பின் 109ஆவது பிரிவு, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மகப்பேறு பயன் உள்ளிட்ட திட்டங்களை ஒன்றிய அரசு உருவாக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு தொகை, எத்தனை வாரம், எந்தத் தேதிக்குள் என்ற எதுவும் அதில் இல்லை. வரும் ஆண்டுகளில் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது இந்தப் பிரிவைப் பற்றித்தான். ஆனால் தமிழ்நாடு டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 1982இலேயே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, நலவாரியங்களை அமைத்த மாநிலம் இது. மகப்பேறு நிதியுதவியை 84 நாளின் கூலியாக வரையறுத்து, கூலி உயரும்போது தானாக உயருமாறு ஆணையிட மாநில அரசால் முடியும். உயர்வு தேர்தலை ஒட்டி வரும் அறிவிப்பாக இல்லாமல் விதியாக இருக்கும். பணத்தை எட்டாம் மாதத் தொடக்கத்திலிருந்து வாரக் கூலிபோலக் கணக்கில் செலுத்தவும் இயலும். மகளிர் உரிமைத்தொகையை மாதந்தோறும் சேர்க்கிற நிர்வாகத்துக்கு இது புதிய வித்தை அன்று.

நிதி எங்கிருந்து என்று கேட்பார்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்குக் கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு தீர்வையாக வருகிறது. கட்டடம் கட்டுவோர் எத்தனையோ பேர். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நிலையான முதலாளி இல்லை. ஆயினும் நிதி சேர்கிறது. பூவுக்கும் அப்படி ஒரு புள்ளி இருக்கிறது: கமிஷன் கடை. எவ்வளவு சிறிய தோட்டத்துப் பூவும் அங்கே வந்து எடை ஏறித்தான் போகிறது. கடைக்காரர் விவசாயியிடம் கமிஷன் பிடிக்கிறார். அதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. வாங்கிச் செல்லும் வியாபாரியிடம் கிலோவுக்குச் சில காசுகள் தாய்மார் நிதிக்கென்று பிடிப்பதும், அதற்கு ஈடாக அரசு ஒரு பங்கு சேர்ப்பதும், ஈஎஸ்ஐயின் கொள்கையைப் பூச்சந்தைக்குக் கொண்டுவருவது ஆகும். விவசாயியின் கையிலிருந்து பிடிக்கக் கூடாது என்பது என் கருத்து. கஜா புயலில் தென்னையை இழந்து கடனில் விழுந்த வட்டாரம் இது.

80 நாள் வேலை செய்ததற்குச் சான்று என்ன என்ற கேள்வியும் எழும். இதற்கும் விடை ஊரிலேயே இருக்கிறது. எந்தத் தேதியில் எந்தத் தோட்டத்துப் பூ எத்தனை கிலோ என்று கமிஷன் கடைச் சீட்டு சொல்கிறது. அந்தக் கிலோவில் யார் எவ்வளவு பறித்தார் என்பது, கூலி கொடுப்பதற்காக, தோட்டக்காரரின் சிறு நோட்டில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அந்த நோட்டில் இருக்கும் பெயர்களை நலவாரியத்தின் பதிவேட்டுக்கு மாற்றும் வேலையை ஒரு பேரூராட்சி அலுவலகமும் நான்கு கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம். சோதனை முயற்சிக்கு ஓர் ஊர் வேண்டுமென்றால் கீரமங்கலத்திலேயே தொடங்கலாம்.